பெரியவள் லாரி ஏறிய நாள்

அப்பா தலையாட்டிவிட்டார் என்ற நல்ல சேதியோடு போன வாரம் இந்த வீட்டை விட்டு வெளியே வந்தோம். அதை நம்பி யாராவது நிம்மதியாகத் தூங்கியிருந்தால் அது அவரவர் பொறுப்பு. இந்த மனிதர் தலையாட்டினால் பாதி தூரம் வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். மீதிப் பாதிக்கு நிபந்தனைகள் இருக்கும்.

இப்போதுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த வீட்டில் பெரியவள் என்றால் மூத்த மகள் இல்லை, கார். நீண்ட மூக்கு, அகலமான உடம்பு, பாசிப் பச்சை நிறம். அப்பா வேலையில் சேர்ந்த புதிதில், ஏற்கெனவே ஒருவர் ஓட்டி அலுத்துப்போன காராகப் பார்த்து வாங்கினார். கார் வந்த மறு வருஷம் மகள் பிறந்தாள். முதலில் வந்தது கார் என்பதால் மகளுக்குச் சின்னவள் என்று பெயர் நின்றுவிட்டது. சின்னவளுக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு. இரண்டு முட்டியிலும் வலி. ஆனாலும் சின்னவள்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. ஒரு மாசம் கூட இருந்துவிட்டுப் போகலாம் என்று வேறு ஊரிலிருந்து பெட்டியோடு வந்த சின்னவள் இன்னமும் போகவில்லை. இங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். அவள் கணவர் அங்கே தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, போனில் மட்டும் குடும்பம் நடத்துகிறார். அவர் இருக்கிற ஊரில் உள்ள கிளையில் இப்போது ஓர் இடம் காலியாகி, அது இவளுக்கே கிடைத்துமிருக்கிறது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறார். இனி அப்பாவைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று பேசி முடிவாகியிருக்கிறது. அதற்குத்தான் அப்பா தலையாட்டியது. தம்பி வீடு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகிற தூரம்.

அப்பாவின் தலையாட்டலுக்குப் பின்னால் வந்த நிபந்தனை இதுதான்: "பெரியவ முன்னால போகணும். அவ பத்திரமா ஏறிப் போறதை என் கண்ணால பார்க்கணும். பார்த்த மறுநாள் நான் ரயில் ஏறுவேன்."

அந்தப் பத்திரத்துக்குள் பல கிளைகள் இருந்தன. திறந்த லாரி கூடாது, கல் தெறிக்கும். நாலு பக்கமும் மூடிய பெட்டி லாரிதான் வேண்டும். கூட வேறு சரக்கு ஏற்றக் கூடாது. இறுக்கிக் கட்டுகிற பெல்ட்டைச் சக்கரத்தில்தான் போட வேண்டும், பம்பரில் போட்டால் அது கையோடு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவள் தன் சொந்த இன்ஜினில், தன் சொந்தக் காலில் லாரி ஏற வேண்டும்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள், பழைய கார் ஒன்றை ஊர் விட்டு ஊர் அனுப்பிப் பார்த்ததில்லை. சின்னவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு லாரி ஆபீஸாகப் பேசினாள். ஒருவர் "பழைய இரும்பாம்மா? டன் கணக்கா?" என்று கேட்டார். அந்த நேரம் அப்பா பக்கத்தில் இல்லாதது லாரி ஆபீஸ்காரர் செய்த புண்ணியம்.

கடைசியில் ஒரு பெட்டி லாரி கிடைத்தது. அதன் உள் அளவை வாங்கித் தரச் சொன்னார் அப்பா. நிலம் அளக்கிற உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர் அவர். காரின் நீளம், அகலம், உயரம், முன் சக்கரத்தைத் தாண்டி மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது, வயிற்றுக்கும் தரைக்கும் எத்தனை விரற்கடை என்று ஒன்று விடாமல் அளந்தார். அவர் ஒரு கையால் நாடாவைப் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காருக்கடியில் தவழ்ந்தவை சின்னவளின் முட்டிகள்.

இன்று காலை லாரி வந்துவிட்டது.

தெருவை அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கினார். ஒல்லியான ஆள், சிவந்த கண்கள். முந்தின நாள் தூக்கத்துக்கும் சேர்த்துக் கொட்டாவி விட்டார்.

"கூட ஆள் வரலையா?" என்றாள் சின்னவள்.

"கிளீனருக்குக் காய்ச்சல்க்கா. நான் ஒருத்தனே பார்த்துப்பேன். நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்று யாராவது சொன்ன பிறகுதான் சின்னவள் கவலைப்பட ஆரம்பிப்பாள். டிரைவர் லாரியின் பின் கதவைத் திறந்து, இரும்புப் பலகைகளை இறக்கிச் சாய்த்துப் போட்டார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, பலகையின் சாய்வைக் கண்ணாலேயே அளந்தார்.

டிரைவர் காரில் ஏறிச் சாவியைத் திருகினார். பெரியவள் இருமினாள். மறுபடி திருகினார். இன்னொரு இருமல், அவ்வளவுதான். மூன்றாம் தடவை அதுவும் இல்லை.

டிரைவர் இறங்கிப் போய், பெட்ரோல் டாங்கில் ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தார். குச்சி உலர்ந்திருந்தது.

"அக்கா, ஏத்தறப்போ டாங்க்ல கொஞ்சமாத்தான் இருக்கணும்னு சொன்னேன். துடைச்சு வைக்கச் சொல்லலையே?"

"பாதிதானே எடுக்கச் சொன்னேன்? நேத்து மெக்கானிக் வந்து பாதியை எடுத்துட்டுப் போனார்."

அப்பா தொண்டையைச் செருமினார். "செவ்வாய்க்கிழமை நானும் பாதி எடுக்கச் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"அதே மெக்கானிக்கிட்டத்தான்."

சின்னவளுக்கு ஏதோ பொறி தட்டியது. கணவருக்குப் போன் போட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்துவிட்டுப் போயிருந்தார்.

"ஆமா, நான்தான் குழாய் வெச்சு இறக்கினேன்" என்றார் அவர், பாராட்டை எதிர்பார்க்கிற குரலில். "உனக்கு ஒரு வேலை குறையட்டும்னு. ஏன், என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேர் ஆளுக்கொரு பாதியாக எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்ததைப் பெரியவள் இரண்டு இருமலில் செலவழித்துவிட்டாள்.

இது இந்தக் குடும்பத்தின் பரம்பரை வியாதி. ஒருவர் செய்ததை இன்னொருவரிடம் சொல்லமாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள், ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். போன தலைமுறையில் இதே வியாதியால் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மண்டபம் பிடித்த கதையை முன்பே சொல்லியிருக்கிறேன்.

"பெட்ரோல் வாங்கிட்டு வந்து ஊத்தலாமே?" என்றாள்.

"ஊத்தலாம்க்கா. பழைய வண்டி. காஞ்ச டாங்க்லேர்ந்து இழுத்து, இன்ஜின் பிடிக்கறதுக்குள்ள ரொம்ப நேரமாயிடும். பின்னால பாருங்க."

லாரிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன், ஒரு கேஸ் சிலிண்டர் வண்டி, இடையில் நுழைந்துகொண்ட பைக்குகள். எல்லோரும் ஹாரனில் கை வைத்திருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார்.

"வின்ச்ல இழுத்துடலாம்" என்றார் டிரைவர். லாரிக்குள்ளே முன் பக்கத்தில் கம்பிவடம் சுற்றிய மோட்டார் ஒன்று இருந்தது. அதுதான் வின்ச்.

"கட்டி இழுக்கறதா? அவ என்ன செத்த மாடா?" என்றார் அப்பா.

"அப்பா."

சின்னவள் அந்த ஒரு சொல்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்துவதற்குத் தெம்பு இல்லை. அதனால்தானோ என்னவோ அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி. ஆனா ஸ்டியரிங்கை நான்தான் பிடிப்பேன்."

யாராவது உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கத்தான் வேண்டும், தேவைப்பட்டால் பிரேக்கை மிதிக்கத்தான் வேண்டும் என்றார் டிரைவர். அவர் வின்ச்சிடம் நிற்க வேண்டுமே.

"உங்க வலது கால் பிரேக்கை மிதிக்காதேப்பா."

"நீ மிதி."

பழைய காரின் முன் சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளம். அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து இடது கையால் பிடித்துக்கொண்டார். சின்னவள் அவரோடு ஒட்டி உட்கார்ந்து, அவர் கால்களுக்குக் குறுக்கே தன் காலை நீட்டிப் பிரேக்கில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த பிரேக்கில் அவள் கால் படுவது இதுதான் முதல் தடவை. ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் கேட்டதில்லை. அவரும் வா என்றதில்லை.

மோட்டார் உறுமியது. கம்பிவடம் விறைத்தது. பெரியவளின் முன் சக்கரங்கள் பலகையில் ஏறின. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. "பிரேக்!" என்று டிரைவர் உள்ளேயிருந்து கத்துவார். சின்னவள் மிதிப்பாள். "விடுங்க!" என்பார். விடுவாள். "கொஞ்சம் இடது" என்று அப்பா தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒரு நூல் திருப்புவார். எத்தனை முறை கத்தினார், எத்தனை முறை மிதித்தாள் என்று கணக்கில்லை. ஒரு வழியாகக் கார் சமதளத்துக்கு வந்து, லாரிப் பெட்டிக்குள் முழுசாக நுழைந்து நின்றது. தெருவில் யாரோ கை தட்டினார்கள். சிலிண்டர் வண்டிக்காரராக இருக்கும்.

"அவ்ளோதான். இறங்குங்க ஐயா" என்றார் டிரைவர்.

அப்பா கதவைத் திறந்தார். ஒரு சாண் திறந்ததும் கதவு லாரிச் சுவரில் இடித்தது. சின்னவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் ஒரே சாண்.

இரண்டு பேரும் கதவை மறுபடி ஒருமுறை இடித்துப் பார்த்தார்கள்.

"அகலம் அளந்தோமே" என்றார் அப்பா.

"கதவை மூடி வெச்சு அளந்தோம்ப்பா."

நிலத்தை ஆயுசு பூராவும் அளந்த மனிதர், நிலத்துக்குக் கதவு கிடையாது என்பதை மறந்துவிட்டார். டிரைவர் முன் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"நான் எப்பவும் ஜன்னல் வழியாத்தான்க்கா வெளிய வருவேன். பழக்கத்துல ஐயாவைப் பத்தி யோசிக்கவே இல்ல. என் மேலயும்தான் தப்பு."

"இப்ப என்ன பண்றது?"

"திரும்பக் கீழ இறக்கி, ஐயாவை இறக்கிட்டு, நான் உட்கார்ந்து ஏத்தணும். ஆனா மோட்டார் கொதிக்குது. அது ஆறாம தொட்டா புகைஞ்சிடும். கொஞ்சம் பொறுத்துக்குங்க. நான் போய் அந்த வேனையெல்லாம் பின்னால எடுக்கச் சொல்லிட்டு வரேன்."

அவர் காருக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து நகர்ந்து போனார். அந்த ஜன்னல் வழியாக அப்பா வெளியே வருவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. சின்னவள் முயன்றிருக்கலாம். முயலவில்லை. அவரை அதற்குள் தனியாக விட மனசு வரவில்லை. முட்டியும் சம்மதித்திருக்காது.

பெட்டிக்குள் அரை இருட்டு. இரும்பின் வாடையும் பழைய சீட்டின் வாடையும். வெளியே ஹாரன் சத்தம் தூரத்தில் கேட்பது போல் கேட்டது.

"இப்படியே கதவைச் சாத்தி அனுப்பச் சொல்லிடு" என்றார் அப்பா. "ரயில் வேண்டாம். நேரா அவன் வீட்டு வாசல்ல இறங்கிக்கறேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முதுகு சீட்டில் சாய்ந்தது. இப்படி ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று!

"ஏம்மா, நான் அங்க போய்த்தான் ஆகணுமா?"

இதே கேள்வியை அவர் முன்பும் கேட்டிருக்கிறார். தம்பி ஆசைப்படறான், அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, காற்றோட்டமான வீடு என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில் சொல்லியிருக்கிறாள். 

"எனக்கு முடியலப்பா."

சொல்லிவிட்டாள். கணவரிடம் சொல்லியிருக்கிறாள், கூட வேலை செய்கிறவளிடம் சொல்லியிருக்கிறாள், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அவரிடம் சொன்னதில்லை.

"காலைல எழுந்ததும் முதல்ல உங்க ரூம் வாசல்ல நின்னு மூச்சு சத்தம் கேக்குதான்னு பாக்கறேன். கேட்டதும் அப்பாடான்னு இருக்கு. உடனே, ஐயோ இன்னொரு நாள் ஆரம்பிச்சிடுச்சேன்னு அழுகை வருது. ரெண்டும் ஒண்ணா வருதுப்பா. பெத்த அப்பாவைப் பத்தி ஒருத்திக்கு இப்படித் தோணலாமா, நீங்களே சொல்லுங்க."

அப்பா ஸ்டியரிங்கை விடவில்லை. எதிரே தெரிந்த இரும்புச் சுவரை, சாலையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே."

"ஆமா" என்றார் அவர். "கேக்கல."

வெளியே யாரோ யாரையோ திட்டினார்கள். வேன் பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

"மூடின லாரி வேணும்னேன். நீ பிடிச்சே. வேற சரக்கு கூடாதுன்னேன். அதுக்கும் ஒத்துக்க வெச்சே. எங்கயாவது ஒரு இடத்துல நீ தடுக்கி, போதும்டா சாமின்னு விட்டுடுவேன்னு பார்த்தேன். விடவே இல்ல நீ." அவர் இடது கை ஸ்டியரிங்கைத் தடவியது. "இவ்ளோ பிடிவாதமா ஒருத்தி என்னை அனுப்பப் பாக்கறான்னா, அவ எவ்ளோ களைச்சுப் போயிருக்கணும்? எனக்கு அது உறைக்கல. கோபம்தான் வந்துச்சு."

சின்னவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. துடைத்தால் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"சரி, போறேன்" என்றார் அப்பா. "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம போறேன். போதுமா?"

டிரைவர் வந்துவிட்டார். மோட்டார் ஆறியிருந்தது. காரை மெல்லக் கீழே விட்டார்கள். இறங்கும்போது அப்பா சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் கைத்தடியைத்தான் பிடிப்பார்.

இரண்டாம் தடவை டிரைவரே உள்ளே உட்கார்ந்தார். வின்ச்சின் பொத்தானைச் சின்னவள் அழுத்தினாள். ஒரே மூச்சில் ஏறிவிட்டது கார். டிரைவர் தலையை முதலில் நீட்டி, ஜன்னல் வழியாக வழுக்கி வெளியே வந்தார். கையை உள்ளே விட்டுக் கண்ணாடியை ஏற்றினார். கை வெளியே வர வேண்டுமே, முழுசாக ஏற்ற முடியாமல் நாலு விரல் இடைவெளி நின்றது.

"ஐயா, இது..." என்று அப்பாவைப் பார்த்தார்.

"பரவாயில்ல. பெட்டிக்குள்ள மழையா பெய்யப் போகுது?" என்றார் அப்பா.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். போன வாரம் என்றால் அந்த நாலு விரலுக்காக இன்னொரு லாரி பிடிக்கச் சொல்லியிருப்பார்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, நாலு சக்கரத்திலும் பெல்ட் மாட்டி இறுக்கினார் டிரைவர். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். லாரியின் கதவுகளைச் சாத்திப் பூட்டுப் போட்டார்.

"ஊரைத் தாண்டினா ஒரு பெரிய பெட்ரோல் பங்க் இருக்குக்கா. அங்க சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்துட்டு, பொழுது சாயத்தான் கிளம்புவேன். நடுவுல ஏதாவதுன்னா கூப்பிடுங்க."

லாரி தெருமுனை திரும்பும் வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே எழுந்து உள்ளே போனார்.

சின்னவளுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டோம் என்று தோன்றியது. அதனால் உட்காரவில்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாள், மாலையில் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏத்தியாச்சாக்கா? கீறல் எதுவும் விழலையே?" என்றான் தம்பி. "இங்க கராஜுக்குப் புதுசா வெள்ளையடிச்சு, தரைக்கு டைல்ஸ் போட்டு வெச்சிருக்கேன். ஆபீஸ்ல ரெண்டு பேர் பாக்கறதுக்கே வராங்க."

"சந்தோஷம்டா. அப்பா ரூம்?"

தம்பி ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் தணிந்து வந்தது. 

"அதான்க்கா, நானே சொல்லணும்னு இருந்தேன். கீழ் ரூம்ல இப்ப என் பொண்டாட்டி ஆபீஸ் போட்டிருக்கா. வீட்லேர்ந்தே வேலை. மாடி ரூம் இருக்கு, அப்பாவால படி ஏற முடியாதே. ஒரு மூணு மாசம் போகட்டும். கார் வரட்டும், அப்பா மெதுவா வரட்டும்."

"நாளைக்கு ரயில்டா."

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிக்கலாம்க்கா."

"திங்கட்கிழமை நான் வேலைல சேரணும்."

"கேட்டுப் பாரேன். தள்ளிப் போடமாட்டாங்களா? ஆறு வருஷம் பார்த்துக்கிட்டே. மூணு மாசம் பெரிய விஷயமாக்கா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது என்பார்கள். உடைகிற சத்தமாவது கேட்கும் என்று சின்னவள் நினைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

அப்பாவின் அறையில் பெட்டி கட்டிலின் மேல் திறந்திருந்தது. அவர் ஒற்றைக் கையால் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றின் காலர் கிழக்கே பார்த்தது, இன்னொன்றினுடையது மேற்கே. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடித்திருக்குமோ!

"நான் அடுக்கித் தர்றேன்ப்பா."

"வேண்டாம். இது என் பெட்டி." ஒரு சட்டையை உள்ளங்கையால் அழுத்தினார். "காலைல ரயில் எத்தனை மணிக்கு?"

இந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்கத்தான் அவள் இத்தனை மாசம் நாயாக அலைந்தாள். இன்று அவர் கேட்டேவிட்டார்.

"பார்த்துட்டு வந்து சொல்றேன்ப்பா."

கொல்லைப் பக்கம் போனாள். துணி காயப்போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஆத்திரமா, துக்கமா என்று பிரித்துப் பார்க்கவும் பொறுமை இல்லை. வெயில் இறங்கியிருந்தது. டிரைவரைக் கூப்பிட்டாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"இல்லக்கா. இப்பத்தான் முகம் கழுவறேன்."

"நான் சொல்ற வரைக்கும் கிளம்பாதீங்க."

டிரைவர் கவலையாகிவிட்டார். "ஏன்க்கா, ஐயா புதுசா ஏதாவது நிபந்தனை போடறாரா?"

"ஐயா இல்ல. இது என் நிபந்தனை."

அடுத்து தம்பி. அவன் எடுத்ததும் அவள் ஹலோகூடச் சொல்லவில்லை.

"பெரியவ ஊர் எல்லைல நிக்கறா. நான் சொன்னாத்தான் நகருவா. வந்தா ரெண்டு பேரும் உன் வீட்டுக்கு வருவாங்க. ஒருத்தரை மட்டும் அனுப்பறதா இல்ல."

"அக்கா! மிரட்டறியா?"

"மிரட்டறதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லடா. உள்ளதைச் சொல்றேன். கார் நிக்கற தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கே. அப்பா படுக்க ஒரு கட்டில் போட இடம் பாரு. டிரைவரை நான் ராத்திரி பூரா நிறுத்தி வைக்க முடியாது. சீக்கிரம் சொல்லு."

வைத்துவிட்டாள். தம்பியோடு பேசும்போது இதுவரை அவள் முதலில் வைத்ததில்லை. 

அவன் மாட்டேன் என்று சொன்னால்? காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை என்ன செய்வாள்?  உள்ளே போனாள்.

அப்பா பெட்டியை மூடிவிட்டிருந்தார். அதன் பக்கத்தில், நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையும் சாக்ஸும் தயாராக இருந்தன.

"என்ன, பார்த்தியா?"

"ஆறரைக்குப்பா" என்றாள் சின்னவள். குரல் அவளுக்கே தெளிவாகக் கேட்டது. "அஞ்சுக்கெல்லாம் எழுப்பிடறேன்."

"எழுப்ப வேண்டாம். நானே எழுந்துப்பேன். நீ தூங்கு."

அப்போது அவள் கையில் போன் அடித்தது. தம்பிதான். திரையில் அவன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சின்னவள் போனைப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறே? தம்பிதானே?" என்றார் அப்பா. "இங்கயே எடு. ஸ்பீக்கர்ல போடு. நாளைக்குக் கிளம்பறேன்னு நானே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, மகனிடம் பேசுவதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எதுவானாலும் அவரும் கேட்கட்டும் என்று சின்னவள் திரும்பி வந்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் முன்னால் கட்டிலின் மேல் வைத்தாள்.